அறுவடை மாதத்தில் ஒரு பிரசவம்: ஏற்காடு மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கிய ஒரு குடும்பம்

சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தின் இரண்டாவது பிரசவத்தைப் பற்றிய பதிவு இது. அந்தப் பெண், அவர் கணவர் இருவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், தோட்டம், மருத்துவமனை எதையும் குறிப்பிடவில்லை. மருத்துவக் கண்ணோடு பார்த்தால் இது பெரிய சிக்கல் இல்லாத கேஸ்தான். ஆனால் மலைக்கிராமங்களில் கர்ப்பிணிகளிடம் "நாள் நெருங்குறதுக்கு முன்னாடியே கீழே இறங்கிடுங்க" என்று சொல்கிற சுகாதாரப் பணியாளர்களான நாங்கள், அப்படி இறங்கினால் அந்த வீட்டு வேலை யார் தலையில் விழுகிறது என்பதை எழுதிவைப்பதில்லை. அறிவுரை நடைமுறைக்கு வருவதும் வராததும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

பின்னணி

பெண்ணுக்கு வயது 27. தோட்டத்து லைன் வீட்டில் கணவர், மாமியார், ஐந்து வயது மகன் ஆகியோரோடு இருக்கிறார். கணவர் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். மாமியாரும் மருமகளும் தோட்டத்தில் தினக்கூலி. அந்த ஊரிலிருந்து ஏற்காடு டவுனுக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆகும், அதுவும் பஸ் கிடைத்தால். அங்கிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

முதல் பிரசவம் நடந்தது 108 ஆம்புலன்ஸில். நள்ளிரவில் வலி கண்டு, வண்டி வந்து, அடிவாரத்தைத் தொடும் முன்பே பையன் பிறந்துவிட்டான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாய்க்கு ரத்தப்போக்கு அதிகமாகி, சேலத்தில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அந்த இரவை வீட்டில் ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருந்தார்கள். வளைவுக்கு வளைவு உடம்பு உருண்டது, குளிர், வாந்தி, இதெல்லாம் மருமகளின் நினைவு. மாமியாருக்கோ "நல்லபடியா பொறந்துட்டான்ல" என்பது ஒன்றுதான். இரண்டாவது பிரசவத்தைத் திட்டமிட உட்கார்ந்தபோது இருவரும் வேறு வேறு இடத்திலிருந்து பேசியதற்கு இதுவே காரணம்.

தாய் வீட்டு வழியும் இல்லை. பெண்ணின் அம்மா இறந்துவிட்டார். அப்பா, அண்ணன் குடும்பத்தோடு வாழப்பாடிப் பக்கம் இருக்கிறார். தலைப்பிரசவம் தாய் வீட்டுச் செலவு, அடுத்தது புகுந்த வீட்டுப் பொறுப்பு என்ற வழக்கமும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று, நாள். பிரசவத் தேதி ஜனவரி 18 என்று குறித்தார்கள். இந்த மலையில் காபிப் பழம் எடுப்பு நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். டிசம்பரும் ஜனவரியும்தான் உச்சம். வழக்கமான கூலிக்கு மேல், எடுக்கும் பழத்தின் எடைக்கேற்ப கூடுதல் காசு வருவது அந்த மாதங்களில்தான். வருஷத்துக் கடனை அடைப்பதும் அந்தக் காசில்தான். நடுவில் பொங்கல் வேறு.

கர்ப்ப காலத்தில் கவனித்தவை

பத்தாவது வாரத்திலேயே பதிவு செய்துவிட்டார்கள், கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணும் கிடைத்துவிட்டது. சர்க்கரைப் பரிசோதனை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் இயல்பு. தடுப்பூசியும் உரிய நேரத்தில் போட்டாயிற்று. கவலை தந்தது ரத்த அளவு மட்டும். பதிவின்போது ஹீமோகுளோபின் 10.1 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. 24-வது வாரத்தில் 8.4 ஆக இறங்கியிருந்தது.

"மாத்திரை போடறீங்களா?" என்று கேட்டால் "போடறேன்க்கா" என்பார். அது பொய்யும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. காலையில் காட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், வரக்காப்பியோடு இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குவார். கால்சியம் மாத்திரையும் அதே வாயில். காபி, டீயில் உள்ள சத்துகள் இரும்பைக் குடலில் பிடித்து வைத்துவிடும், கால்சியமும் குறுக்கே நிற்கும். மாத்திரை உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது, உடம்பில் ஒட்டவில்லை. நெஞ்செரிச்சல் வரும் நாளில் போடுவதும் இல்லை. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து கொஞ்ச நாள் நிறுத்தியும் இருந்தார். அது இரும்பு மாத்திரையால் வருவது, கெடுதல் இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

காபிக் காட்டில் வேலை செய்பவரிடம் காபியை நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம். அதனால் மாத்திரையின் நேரத்தை மாற்றினோம். கால்சியம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரும்பு மாத்திரை இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, ஒரு கொய்யாத் துண்டோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து. ஆனால் பிரசவத்துக்கு இருக்கும் நாட்களுக்குள் மாத்திரையால் மட்டும் 8.4-ஐ ஏற்றிவிட முடியுமா என்று மருத்துவர் யோசித்தார். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு இருந்ததால் காத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச் சத்தை டிரிப்ஸில் சில தவணைகளாக ஏற்றினார். 34-வது வாரத்தில் அளவு 10.6.

வளைகாப்பு இதற்கு நடுவில் வீட்டோடு எளிமையாக நடந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று கட்டுச்சோறு. பையன் தனக்கும் வளையல் வேண்டும் என்று அடம்பிடித்து ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டான். வந்திருந்தவர்களில் சிலர் அவனைச் சீண்டினார்கள்: "பாப்பா வரட்டும், அப்புறம் உங்கம்மா உன்னைய கண்டுக்கவே மாட்டா." விளையாட்டுப் பேச்சுதான். அன்று இரவு முதல் அவன் படுக்கையில் சிறுநீர் போகத் தொடங்கினான். நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்த பழக்கம் அது.

எங்கே பிரசவம் என்ற முடிவு

மருத்துவரின் கருத்து தெளிவாக இருந்தது: எந்த நேரமும் ரத்தமும் அறுவை சிகிச்சை வசதியும் இருக்கிற இடத்தில் பிரசவம் நடக்க வேண்டும், அதாவது சேலத்தில். இரண்டாவது பிரசவ வலி பெரும்பாலும் முதலதைவிட வேகமாக முடியும். முதல் குழந்தையே பாதி வழியில் பிறந்திருக்கும்போது, வலி கண்ட பிறகு இறங்கலாம் என்று இருப்பது சரிவராது. 37 வாரம் முடிந்ததும் கீழே போய்விட வேண்டும்.

மருமகள் உடனே சரி என்றார். கணவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மாமியார், "ரெண்டாவது பிரசவத்துக்குப் போயி மூணு வாரம் முன்னாடியே கீழ உக்காரணுமா கண்ணு? வலி வந்தா வண்டி வராதா?" என்றார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதைச் சொன்னபோது அவரும் தலையாட்டினார். ஆனாலும் மனம் மாறவில்லை. இந்த இடத்தில் ஆபத்தைப் பற்றி இன்னும் அழுத்திப் பேசுவதுதான் எங்கள் துறையில் வழக்கம். இந்தத் தடவை அதை விட்டுவிட்டு, "அவங்க கீழ போயிட்டா இங்க உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டோம்.

கொட்டிவிட்டார். பையனை யார் பார்ப்பது? அங்கன்வாடி முடிந்து வரும்போது வீட்டில் ஆள் வேண்டும், அப்படியென்றால் அவர் மதியமே காட்டிலிருந்து வரவேண்டும். மதியம் வந்தால் எடைக் காசு போகும். தண்ணீர் பிடிப்பது, இரண்டு ஆடு, ராத்திரிச் சோறு. மகன் வண்டியோடு சுற்றுகிறவன், எந்நேரம் வருவான் என்று சொல்ல முடியாது. கீழே மகள் வீட்டில் மருமகளை உட்கார வைத்தால் அந்தச் செலவுக்கு யார் பணம் தருவது? அதுவும் மகள் வீட்டில் போய்க் கைநீட்டுவதா?

இதில் ஒன்றுகூட மருத்துவக் காரணம் இல்லை. எல்லாமே நியாயமான காரணம்.

அன்று மாலை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் அந்த வீட்டு வேலைகளை எழுதினோம். விடியற்காலைத் தண்ணீர் தொடங்கி இரவு ஆட்டைக் கட்டுவது வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். மதிய நேரத்துக்குப் பக்கத்து லைனில் உள்ள ஒரு பாட்டி பையனை வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார், பதிலுக்கு அவருக்கு இந்த வீட்டு அடுப்பிலிருந்து இரவுச் சாப்பாடு. தண்ணீர் பிடிக்கும் வேலை கணவர் பெயரில் விழுந்தது. அவர் அதுவரை அந்த வேலையைச் செய்ததில்லை, சிரித்துக்கொண்டே சரி என்றார். பணத்துக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் வந்திருந்த முதல் தவணையைத் தொடாமல் வைப்பது என்று பேசினார்கள். இந்தத் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். ரொக்கம் தவணை தவணையாகத்தான் வரும், அதை வைத்துப் பிரசவ நேரத்துச் செலவு முழுவதையும் பார்க்க முடியாது. மிச்சத்துக்குத் தோட்டத்தில் முன்பணம் வாங்கினார்கள்.

தங்கும் இடம்

கணவரின் அக்கா வீடு செவ்வாப்பேட்டைப் பக்கம். பெரிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம், அக்காவுக்கும் முழு மனது. ஒரே தடை, அந்த வீட்டு முன்னறையில் கொலுசு வேலை நடந்தது. சேலத்தில் இப்படி வீட்டோடு கொலுசு வேலை செய்யும் குடும்பங்கள் நிறைய. கேஸ் விளக்கு வைத்துப் பற்றவைப்பார்கள், அமிலத்தில் போட்டு அலசுவார்கள். அந்தப் புகையும் ஆவியும் கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆகாது. தை மாதக் கல்யாணங்களுக்காக ஆர்டர் குவியும் நேரம் என்பதால் வேலையை நிறுத்தச் சொல்லவும் முடியாது. அக்காவின் கணவர் பற்றவைப்பையும் அமில வேலையையும் மாடித் தகரக் கொட்டகைக்கு மாற்றினார். உட்கார்ந்து கோர்க்கும் வேலை மட்டும் கீழே நடந்தது. எங்கள் யோசனைகளிலேயே எளிதாக நடந்தது இதுதான். அவருக்கே அந்தப் புகையால் இருமல் இருந்தது.

டிசம்பர் கடைசியில், 37 வாரம் முடிந்ததும், கணவர் தன் வண்டியிலேயே பகலில் மெதுவாக இறக்கிவிட்டார். மருத்துவப் பதிவேடு, ஸ்கேன் தாள்கள், ஆதார், குழந்தைத் துணி எல்லாம் ஒரே பையில்.

பிரசவம்

38-வது வாரம் முடிந்து சில நாளில், இரவு பதினொன்றரைக்கு வலி தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனையில் இருந்தார்கள். ஒன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை, 2.640 கிலோ. சுகப்பிரசவம். ரத்தப்போக்கு இயல்பான அளவுதான், ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. மலையில் இருந்திருந்தால் அந்த இரண்டேகால் மணி நேரத்தில் எந்த வளைவில் இருந்திருப்பார்கள் என்று கணவர் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

விடிந்ததும் அக்காவின் மாமியார் சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு வந்துவிட்டார். நல்ல குணமுள்ள பெரியவர் வைத்தால் குழந்தைக்கு அந்தக் குணம் வரும் என்பது நம்பிக்கை, அந்தக் கௌரவத்தை அவர் எதிர்பார்த்திருந்தார். பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று வார்டு நர்ஸ் தடுத்தார். முகம் சுருங்கிய அந்தப் பெரியவரிடம் அவரே, "அம்மா குடிச்சாத்தானே பாப்பாவுக்குப் பால் வழியா போகும், அம்மா நாக்குல வைங்க பாட்டி" என்றார். தாயின் நாக்கில் வைத்தார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை. அந்த நர்ஸை எனக்குத் தெரியாது, கெட்டிக்காரர்.

பொங்கல் வாரம்

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 102 வாகனத்தில் இலவசமாக மலைக்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். மாமியாரும் அதைத்தான் விரும்பினார். ஆனால் பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருமானால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள்தான் உச்சம் தொடும், அதைத் தாண்டும் வரையாவது கீழே இருக்கட்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பொங்கலுக்கு மலையில் இருக்க முடியாமல் போனது மருமகளுக்கும் வருத்தம்தான்.

பண்டிகை என்பதால் அக்கா வீட்டில் ஆள் வந்தபடி இருந்தார்கள். முன்னறையில் பெண்கள், வாசலில் ஆண்கள், எல்லோருக்கும் குழந்தையைப் பார்க்க வேண்டும். பால் கொடுக்க மறைவான இடம் இல்லை. சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவசரமாகக் கொடுப்பார், அல்லது ஆள் போகட்டும் என்று காத்திருப்பார். குழந்தையும் தூங்கிக்கொண்டே இருந்தது. "சமத்துப் பாப்பா, அழவே மாட்டேங்குது" என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். தாய்க்குத் தாகம் எடுத்தாலும் இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் கொடுக்கவில்லை. நிறையக் குடித்தால் வயிறு தொங்கிப்போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள்.

நான்காம் நாள் மாலை அந்தப் பெண்ணே எனக்கு போன் செய்தார். நான் மலையில் இருந்தேன். கண், முகத்தில் இருந்த மஞ்சள் தொடை வரை இறங்கியிருந்தது. காலையிலிருந்து இரண்டு தடவைதான் சிறுநீர். எழுப்பினாலும் பால் இழுக்கவில்லை. காலை வெயிலில் காட்டச் சொல்லிப் பலர் சொல்லியிருந்தார்கள், அன்று காட்டியும் இருந்தார்கள். மஞ்சள் கால் பக்கம் இறங்குவதும், பால் குடிக்காமல் தூங்குவதும், சிறுநீர் குறைவதும் சேர்ந்து வந்தால் வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது, இப்போதே கிளம்புங்கள் என்றேன். அக்கா மறுபேச்சு இல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

எடை 2.390 கிலோ. முதல் சில நாளில் குழந்தை கொஞ்சம் எடை இழப்பது இயல்பு, ஆனால் இங்கே பத்து சதவீதத்தை நெருங்கியிருந்தது. ரத்தத்தில் மஞ்சள் காமாலைக்குக் காரணமான பிலிரூபின் அளவு விளக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவைத் தாண்டியிருந்தது. ரத்த வகைப் பொருத்தமின்மையோ தொற்றோ இல்லை. போதுமான பால் உள்ளே போகாததே காரணம் என்றார்கள். ஒன்றரை நாள் நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். இரண்டு, இரண்டரை மணிக்கு ஒரு முறை எழுப்பிப் பால் கொடுக்க வைத்தார்கள். வாய் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அளவு இறங்கியது.

திரும்பி வந்ததும் அக்கா எடுத்த நடவடிக்கையைக் குறிப்பிட வேண்டும். உள்ளறைக் கதவுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். வருபவர்களிடம் "டாக்டர் யாரையும் பாக்கக் கூடாதுன்னுட்டார்" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர்ச் சொம்பு தாயின் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் தொடர்ந்தன, அதில் கைவைக்க அவசியமில்லை. பதினான்காம் நாள் எடை 2.680.

பையன்

இவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், காலண்டர் தாளில் அவனுக்கு இருந்தது "யார் பார்ப்பது" என்ற ஒரு வரி மட்டுமே. அம்மா இறங்கிப் போன பிறகு அவன் வீடியோ காலில் பேச மறுத்தான். அப்பாயியோடுதான் படுத்தான், சாப்பாடு குறைந்தது. பொங்கலுக்கு அப்பா கீழே கூட்டிவந்தபோது குழந்தையைத் தொடவே இல்லை, அம்மாவின் முதுகுப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் குழந்தை மீண்டும் மருத்துவமனைக்குப் போனபோது, தான் வந்ததால்தான் இப்படி ஆனதா என்று அத்தையிடம் கேட்டிருக்கிறான்.

அவனை மலைக்குத் திருப்பி அனுப்பாமல் கீழேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. அங்கன்வாடி கொஞ்ச நாள் போனால் போகட்டும். தினமும் குழந்தை தூங்கும் ஒரு நேரம் அம்மா அவனுக்கு மட்டும் சோறு ஊட்டினார். சீண்டல் பேச்சுக்கு அத்தை வீட்டில் தடை விழுந்தது. பிப்ரவரி நடுவில் எல்லோரும் மலையேறும்போது அவன் குழந்தையின் துணிப்பையைத் தூக்கி வந்தான். இரவில் சிறுநீர் போவது மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

விளைவு

ஆறாவது வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் தவணைத் தடுப்பூசிகள் போட்டபோது குழந்தை 3.6 கிலோ. தாய்ப்பால் மட்டும். தாயின் ஹீமோகுளோபின் 10.9. மாத்திரை தொடர்கிறது, இரவு நேரத்தில்.

குடும்பக் கணக்கில் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. பக்கத்து லைன் பாட்டிக்குப் பொங்கலுக்கு முன்பே காய்ச்சல் வந்ததால் மாமியார் பல நாள் மதியமே காட்டை விட்டு வர வேண்டியிருந்தது. எடைக் காசில் நல்ல பகுதி போயிற்று. தோட்டத்து முன்பணம் இன்னும் பாக்கி. கணவர் தண்ணீர் பிடிப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பிறந்த குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் முறை உண்டு: 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில். இந்தக் குழந்தைக்கு முதல் வருகை நடக்கவே இல்லை. மலைப் பட்டியலில் இருக்கும் தாய் சேலத்தில் தங்கியிருந்தார், நகரத்துப் பகுதிச் செவிலியரின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மூன்றாம் நாள் யாராவது ஒரு தடவை எட்டிப் பார்த்து எடையும் சிறுநீர்க் கணக்கும் கேட்டிருந்தால், விளக்குச் சிகிச்சைக்கு முன்பே பால் கொடுக்கும் சிக்கல் தெரிந்திருக்கும். இப்போது யாரையாவது கீழே அனுப்பினால், தங்கப் போகும் முகவரியையும் பிக்மி எண்ணையும் அந்தப் பகுதிச் செவிலியருக்கு முன்கூட்டியே போனில் சொல்கிறோம்.

தங்கும் வீட்டைப் பார்க்கும்போது மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பதோடு, பால் கொடுக்க மறைவிடம் எது என்றும் கேட்க வேண்டும். பண்டிகை அந்த நாட்களில் வருகிறதென்றால் இதை விடவே கூடாது.

வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயர் இருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே இந்த ஏற்பாடு சரிந்துவிட்டது. மூத்த குழந்தையை மேலே விட்டுப் போவதா, கூட அழைத்துப் போவதா என்பதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இந்த வீட்டில் அவன் முதலிலேயே அம்மாவோடு இறங்கியிருந்தால், அப்பாயி மதியம் வரை மட்டும் காட்டில் நின்ற நாட்களும் மிச்சமாகியிருக்கும்.